மானிட்டர் வாங்கப் போன கதையும், பதினேழு பேரின் கண்களும்

“யாருய்யா இது?”

கூரியரைப் பிரித்துப் பார்த்துவிட்டு அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான். நொய்டாவிலிருந்து விருதுநகருக்கு நான் அனுப்பியிருந்தது அப்பாவின் படம். முதல் வருஷ நினைவு நாளுக்கு மாலை போடுவதற்காக. 1984-ல் ஸ்டுடியோவில் எடுத்த கலர் போட்டோ அது. அலமாரிக்குள் கிடந்து கிடந்து சாயம் வெளுத்து, படம் முழுக்க ஒரே சிவப்பாகி விட்டிருந்தது. அதை ஸ்கேன் பண்ணி, ஆபீஸ் ஆணிகளைப் பிடுங்கி முடித்தபிறகு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, மூன்று வாரம் லேப்டாப்பில் சரி பண்ணினேன். தங்கமணி எட்டிப் பார்த்து, “மாமா அப்படியே இருக்காங்க” என்று சொன்ன பிறகுதான் பிரிண்டுக்கே கொடுத்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “கடைசி மாசம் ஆஸ்பத்திரில கிடந்தாகல்ல, அந்த மாதிரி இருக்குய்யா.”

அப்பாவுக்கு ஈரலில் கோளாறு. கடைசி நாட்களில் கண்ணும் தோலும் மஞ்சள் பூத்துப் போயிருந்தது. அந்த மஞ்சள் கண்ணை விட்டுப் போகத்தான் அம்மா பழைய படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்திருந்தார். நான் அதே மஞ்சளைப் பூசி, சட்டமும் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

அன்று ராத்திரி மாமா கூப்பிட்டார். அம்மாவின் தம்பி. சிவகாசியில் ஆப்செட் மிஷின் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவர்.

“மாப்ள, எந்த வெளிச்சத்துல வச்சுப் பார்த்த?”

“லேப்டாப்புலதான் மாமா பார்த்தேன்.”

“லேப்டாப்பும் ஒரு வெளிச்சம்தான மாப்ள. அது சரியான வெளிச்சம்னு உனக்கு யாரு சொன்னா?”

பதில் இல்லை. மாமா வேலை பார்த்த அச்சகத்தில் காலண்டர் ஷீட் ஓட ஆரம்பித்ததும் முதல் சில தாள்களை உருவி, அதற்கென்றே வைத்திருக்கும் விளக்குக்கு அடியில் போட்டுத்தான் பார்ப்பார்களாம். டியூப் லைட்டில் பார்த்துவிட்டு “ஓட்டு” என்று சொன்னால் அன்றைக்கு முதலாளியிடம் நல்ல மரியாதை கிடைக்கும் :-) நம் வீட்டுப் பெண்கள் ஜவுளிக்கடையில் புடவையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்களே, அதே சங்கதிதான். இருபது வருஷமாகப் பொட்டி தட்டிப் பிழைக்கும் எனக்கு அது தோன்றவில்லை.

சரி, ஒரு நல்ல மானிட்டர் வாங்குவோம் என்று மறு சனிக்கிழமை மெட்ரோ பிடித்து நேரு பிளேஸ் போனேன். டெல்லிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு, நம்மூர் ரிச்சி தெருவின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பத்து மானிட்டர்கள் வரிசையாக. பத்திலும் அதே பஞ்சவர்ணக்கிளி, பத்து விதமான பச்சையில். கடைப் பையன் ஒரு பொட்டியைத் தட்டி, “இதுல நூத்தி ஏழு கோடி கலர் சார்” என்றான் இந்தியில். பொட்டியின் மேல் இப்படி எழுதியிருந்தது: 99% எஸ்ஆர்ஜிபி. 72% என்டிஎஸ்சி. டெல்டா ஈ இரண்டுக்கும் குறைவு. ஐபிஎஸ் பேனல்.

“எதுல 72 சதவீதம்?” என்று கேட்டேன். “கலர்ல சார்” என்றான். அவனைக் குறை சொல்லி என்ன? எனக்கும் தெரியாதே. வெறுங்கையோடு திரும்பி வந்து படிக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வருஷமும், ஒரு மெஷினும், சில மனிதர்களும் இருந்தார்கள். அந்தக் கதைதான் இது.

பதினேழு பேர்

அம்மா ஜவுளிக்கடையில் “ராமர் பச்சை” என்பார். கடைக்காரர் சரியான கட்டை எடுத்துப் போடுவார். “அரக்கு” என்றாலும் அப்படியே. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் இதை லண்டனில் இருக்கும் ஒரு சாயப்பட்டறைக்குத் தந்தியில் எப்படிச் சொல்வது? நிறத்துக்கு எண் வேண்டும்.

மூன்று வெளிச்சங்களைக் கலந்தால் மற்ற நிறங்களை வரவழைக்கலாம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரியும். 1861-ல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் லண்டனில் ஒரு கட்டம் போட்ட ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக மூன்று படமாக எடுக்கவைத்து, மூன்றையும் திரையில் ஒன்றாக விழச்செய்து கலர் படம் காட்டினார். இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்துத் தகடுக்குச் சிவப்பு வெளிச்சமே உறைக்காது. ரிப்பனின் சிவப்புப் பகுதி கூடவே புற ஊதாக் கதிரையும் திருப்பி அனுப்பியதால் தகடு அதைப் பிடித்துக்கொண்டது என்று நூறு வருஷம் கழித்து, 1961-ல், கோடாக் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். கலர் போட்டோவின் பிறப்பிலேயே கொஞ்சம் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது.

எண் கொடுக்கும் வேலை 1920களில் நடந்தது. இங்கிலாந்தில் இரண்டு பேர், தனித்தனியாக. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேவிட் ரைட், டெடிங்டனில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் ஜான் கில்ட். ஒருவரை உட்காரவைத்து ஒரு சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொல்வார்கள். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவு ஜன்னல். ஒரு பாதியில் சோதனை நிறம். மறு பாதியில் சிவப்பு, பச்சை, நீலம் கலந்த வெளிச்சம். மூன்றையும் கூட்டிக் குறைத்து, இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரியாமல் ஆக்கவேண்டும். அந்த அளவுகளைக் குறித்துக்கொள்வார்கள். அடுத்த நிறம்.

ரைட் பத்து பேரை வைத்துச் செய்தார். கில்ட் ஏழு பேரை வைத்து. கருவிகள் வேறு, பயன்படுத்திய வெளிச்சங்கள் வேறு. ஆனாலும் கணக்குப் போட்டு ஒரே அளவுக்குக் கொண்டுவந்தபோது இரண்டு முடிவுகளும் நன்றாகப் பொருந்தின. 1931 செப்டம்பரில் கேம்பிரிட்ஜில் கூடிய சிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் அமைப்பு அதையே தரமாக ஏற்றுக்கொண்டது. ‘தரப் பார்வையாளர்’ என்று பெயர் வைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள் மக்களே. பதினேழு பேர். இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் மொபைலின் நிறக் கணக்கு, நேரு பிளேஸ் பொட்டியில் போட்ட சதவீதம், எல்லாம் போய் முட்டுவது அந்தப் பதினேழு ஜோடிக் கண்களில்தான். அதில் விருதுநகர்க் கண் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் அந்தக் கணக்கு நமக்கும் பெரும்பாலும் ஒத்து வருகிறது. மனிதக் கண்கள் அந்த விஷயத்தில் அவ்வளவு ஒற்றுமை.

புடவையை வாசலுக்குக் கொண்டுபோகிற வெயிலுக்கும் அவர்களே ஒரு எண் கொடுத்தார்கள். 1960களில் வந்த டி65. சுமார் 6500 கெல்வின், சராசரி பகல் வெளிச்சம். மானிட்டரின் வெள்ளை இதுவாக இருக்கவேண்டும் என்பது இன்றைய வழக்கம். அச்சுத் தாளைப் பார்க்க டி50, அதாவது சுமார் 5000 கெல்வின், கொஞ்சம் மஞ்சள் சாய்ந்த வெளிச்சம். மாமாவின் விளக்கு இந்த ஜாதிதான்.

செத்துப்போன டிவியின் 72 சதவீதம்

என்டிஎஸ்சி என்பது அமெரிக்காவின் கலர் டிவித் தரம். 1953 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அதில் டிவிக் குழாயின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சிஐஇ வரைபடத்தில் எங்கே இருக்கவேண்டும் என்று மூன்று புள்ளி வைத்தார்கள். நல்ல அகலமான முக்கோணம். பிரச்சினை என்னவென்றால் அந்தப் பச்சையைத் தரும் பாஸ்பர் மங்கலானது. கடையில் பளிச்சென்று எரியும் டிவிதானே விற்கும்? (பஞ்சவர்ணக்கிளி ஞாபகம் வருகிறதா?) தயாரிப்பாளர்கள் சீக்கிரமே பிரகாசமான பாஸ்பருக்கு மாறிவிட்டார்கள். முக்கோணம் சுருங்கியது. தரம் காகிதத்திலேயே தங்கிவிட்டது.

போதாததற்கு, வழியில் சிக்னல் கொஞ்சம் பிசகினாலும் முகம் பச்சையாகும், ஊதாவாகும். ‘ஒரே நிறம் ரெண்டாவது தடவை வராது’ என்று அந்த நான்கெழுத்துச் சுருக்கத்துக்கு இன்ஜினியர்களே விரிவாக்கம் சொல்லிச் சிரித்தார்களாம். ஐரோப்பாவில் இதைத் திருத்தி வந்ததுதான் பால் முறை. 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோது இந்தியா எடுத்துக்கொண்டதும் அதைத்தான்.

இங்கே ஒரு சின்னக் கொசுவத்தி. எங்கள் தெருவில் முதலில் கலர் டிவி வாங்கிய வீட்டில் ‘கலர்’ குமிழை முழுசாகத் திருப்பி வைத்திருப்பார்கள். காசு கொடுத்து வாங்கிய கலர் ஆச்சே! செய்தி வாசிக்கிறவர் முகம் செங்கல் மாதிரி இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து பார்த்த நாங்கள் யாரும் அவர் நிஜத்தில் என்ன நிறம் என்று கேட்டதில்லை.

இப்போது பொட்டிக்கு வருவோம். ‘72% என்டிஎஸ்சி’ என்றால், 1953-ன் முக்கோணத்தின் பரப்பில் ஏறக்குறைய 72 சதவீதப் பரப்பு இந்த மானிட்டரின் முக்கோணத்துக்கு. எஸ்ஆர்ஜிபியின் பரப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் ‘72 என்றால் முழு எஸ்ஆர்ஜிபி’ என்று கடைகளில் சொல்வார்கள். ஆனால் பரப்பு ஒன்றாக இருந்தால் இடமும் ஒன்றா? எங்கள் ஊரில் இரண்டு சென்ட், உங்கள் ஊரில் இரண்டு சென்ட். ஒன்றின் மேல் ஒன்று உட்காருமா? ‘பரப்பு’ என்று போட்டிருக்கிறானா, ‘உள்ளடக்கம்’ என்று போட்டிருக்கிறானா என்று பார்க்கவேண்டும். நமக்கு வேண்டியது இரண்டாவது. என் லேப்டாப்புக்கு எவ்வளவு என்று தேடிப் பார்த்தேன். 45% என்டிஎஸ்சி. அதாவது எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. வயிறு கலங்கியது.

கண்ணாடிக் குழாயின் ஆவி

எஸ்ஆர்ஜிபி 1996-ல் வந்தது. ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்தது. 1999-ல் சர்வதேசத் தரமானது. அப்போது இணையம் வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு பொட்டியில் பார்த்த படம் இன்னொரு பொட்டியில் வேறாகத் தெரிந்தது. அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. மேசை மேல் இருக்கும் குண்டு மானிட்டர் சாதாரணமாக எப்படிக் காட்டுகிறதோ, அதையே தரம் என்று எழுதிவிட்டார்கள். முதன்மை நிறங்கள் எச்டி டிவித் தரத்திலிருந்து. வெள்ளை டி65. பிரகாசம் 80 நிட்.

கூடவே காமா 2.2. குண்டுக் குழாயில் மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் இரண்டு மடங்காகாது. நான்கு மடங்குக்கும் மேலே போகும். அது குழாயின் குணம். நம் கண் இருட்டுப் பகுதிகளின் நுணுக்கத்தைக் கூடுதலாகப் பார்ப்பதால், அந்தக் குணம் தற்செயலாக வசதியாகவும் அமைந்துவிட்டது. இன்றைய எல்சிடிக்கு அந்தக் குணம் இயற்கையில் கிடையாது. ஆனாலும் குழாய் மாதிரி நடிக்கிறது. குண்டு மானிட்டர்கள் கடைகளை விட்டுப் போய் எத்தனையோ வருஷமாச்சு. நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குட்மார்னிங் ரோஜாப்பூகூட பெரும்பாலும் அந்தக் குழாயின் கணக்கில்தான் பூக்கிறது.

எல்சிடி பக்கம் ஒரு வரி: மலிவான டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் நிறம் மாறும். என் லேப்டாப்பில் அப்பாவின் நெற்றி ஒரு நிறம், தாடை ஒரு நிறம். இதற்கு மாற்றாக ஹிட்டாச்சி 1996-ல் சந்தைக்குக் கொண்டுவந்ததுதான் ஐபிஎஸ். படம் திருத்த அது வேண்டும். இதில் யோசிக்கவே வேண்டாம்.

தப்பாக எழுதிய எண்

‘அடோப் ஆர்ஜிபி இருக்கற மானிட்டர் வாங்கு, அதான் புரொஃபஷனல்’ என்று ஆபீஸ் நண்பர் ஏற்றிவிட்டார். விலை மூன்று மடங்கு. அதன் கதையைப் படித்ததும் தெளிந்தேன். 1998-ல் போட்டோஷாப் 5 தயாரானபோது, எஸ்ஆர்ஜிபியைவிட அகலமான ஒரு வெளி வேண்டும் என்று தேடினார்கள். ஒரு டிவித் தர ஆவணத்திலிருந்து எண்களை எடுத்துப் போட்டார்கள். பிற்பாடுதான் தெரிந்தது, எடுத்தது தரத்தின் எண்களை அல்ல, பின்னிணைப்பில் லட்சியமாகச் சொல்லப்பட்ட எண்களை. அதிலும் சிவப்புக்கான எண்ணைக் காப்பி அடிக்கும்போது பிழை! ஆனால் உபயோகித்தவர்களுக்கு அது பிடித்துப் போயிருந்தது. அச்சு மையின் பச்சை-நீலங்கள் அதில் நன்றாக அடங்கின. கடைசியில் பெயரை மாற்றி ‘அடோப் ஆர்ஜிபி (1998)’ என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு ‘99% அடோப் ஆர்ஜிபி’ என்று பெருமையாகப் போடுவது அந்தப் பிழையோடு சேர்த்துத்தான்.

காலண்டர் அச்சடிக்கிறவர்களுக்கு அது தேவைப்படலாம். நான் படம் கொடுக்கும் லேப் கேட்பது எஸ்ஆர்ஜிபி ஜேபெக். அவர்களுக்கு ஏன் மூன்று மடங்கு அழவேண்டும்?

ஈ என்றால் உணர்வு

டெல்டா ஈ. இரண்டு நிறங்களுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்ற அளவு. அந்த ‘ஈ’ ஒரு ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து, பொருள், உணர்வு. 1931 வரைபடத்தில் ஒரு குறை இருந்தது. பச்சையில் ரொம்ப தூரம் நகர்ந்தால்தான் வித்தியாசம் தெரியும்; நீலத்தில் கொஞ்சம் நகர்ந்தாலே தெரியும். கோடாக்கில் இருந்த டேவிட் மெக்ஆடம் 1942-ல் இதை அளந்து 25 நீள்வட்டங்களாகப் போட்டுக் காட்டினார். பார்த்தவர் முக்கியமாக ஒரே ஒருவர்! 1976-ல் சிஐஇ இந்தக் கோணலை ஓரளவு நிமிர்த்தி ‘லேப்’ என்ற வெளியைத் தந்தது. டெல்டா ஈ அதில் அளக்கிற தூரம். சூத்திரத்தைப் பிறகும் திருத்தினார்கள், 2000 வரைக்கும்.

ஒன்றுக்குக் கீழே என்றால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம். பொட்டியில் போடும் ‘இரண்டுக்கும் குறைவு’ பெரும்பாலும் பல நிறங்களின் சராசரி. சராசரி ஒன்றரை இருக்கும்போது தோல் நிறம் மட்டும் நாலு இருக்கலாம். பள்ளிக்கூடத்தின் சராசரி மார்க்கை வைத்து உங்கள் பையன் பாஸா என்று சொல்ல முடியுமா?

தோல் என்றதும் ஷெர்லியைச் சொல்லவேண்டும். 1950களிலிருந்து கோடாக், லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. முதலில் அதற்கு நின்றவர் பெயர் ஷெர்லியாம். பிறகு வந்த படங்களுக்கும் ‘ஷெர்லி கார்டு’ என்றே பெயர். கறுப்பு முகங்கள் விவரமில்லாமல் இருண்டு போவது பெரிய விஷயமாகப் படவில்லை. பழுப்பு நிறங்களைப் பிலிம் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று சாக்லெட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் புகார் சொன்ன பிறகுதான் வேலை வேகம் எடுத்தது என்று கோடாக்கில் இருந்தவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். பல இனப் பெண்கள் சேர்ந்து நிற்கும் கார்டு வந்தது 1990களில்.

1976-ல் அமெரிக்காவில் மூன்று பேர் உருவாக்கிய கலர்செக்கர் அட்டை இதற்கு நேர்மாறு. 24 கட்டங்கள். முதல் கட்டமே கருந்தோல். அதற்கு அடுத்துத்தான் வெளிர்தோல். அதைப் படித்தபோது அப்பா ஞாபகம் வந்தது. அப்பா நல்ல கறுப்பு. ஸ்டுடியோக்காரர் பவுடர் போடச் சொன்னதற்கு மாட்டேன் என்று சண்டை போட்டவர்.

என் தப்பு எங்கே?

இப்போது கணக்குப் புரிந்தது. என் லேப்டாப்பின் வெள்ளை நீலம் பக்கம் சாய்ந்தது. அதில் சட்டை வெள்ளையாகத் தெரியவேண்டும் என்று நான் மஞ்சளை ஊற்றினேன். முக்கோணம் சின்னது, நிறம் செத்துத் தெரிந்ததால் இன்னும் கூட்டினேன். ராத்திரி இருட்டில் திரை பளீரென்று இருந்ததால் படத்தை இருட்டாக்கினேன். தாளில் வந்தபோது மூன்றும் கூடிக்கொண்டு மஞ்சள்காமாலையாக நின்றது. பக்கத்தில் நின்று பார்த்த தங்கமணியும் அதே திரையைத்தானே பார்த்தாள்?

மறுபடி நேரு பிளேஸ். 24 இஞ்ச், ஐபிஎஸ், பளபளப்பில்லாத திரை, எஸ்ஆர்ஜிபி உள்ளடக்கம் 99%. நூற்றி ஏழு கோடி நிறத்தை விட்டுவிட்டேன். எட்டு பிட்டில் வரும் ஒன்றே முக்கால் கோடிக்குக் கொஞ்சம் குறைந்த நிறங்கள் அப்பாவுக்குப் போதும். மிச்சமான பணத்தில் வாங்க நினைத்தது, திரையில் ஒட்டி நிறத்தை அளக்கும் கருவி. கல்யாணப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர் இரவல் கொடுத்ததால் அந்தச் செலவும் தப்பியது.

அந்தக் கருவி செய்வது இதுதான். திரையில் ஒவ்வொரு நிறமாகக் காட்டி, நிஜத்தில் என்ன வருகிறது என்று அளந்து, ஒரு கோப்பில் எழுதும். ‘என் சிவப்பு இவ்வளவுதான், என் பச்சை இங்கேதான் இருக்கிறது’ என்று மானிட்டர் கொடுக்கும் வாக்குமூலம். எட்டு கம்பெனிகள் சேர்ந்து 1993-ல் தொடங்கிய ஐசிசி என்ற கூட்டமைப்பு வகுத்த வடிவம் அது. போட்டோஷாப் அதைப் படித்துவிட்டு அதற்கேற்ப எண்களை மாற்றி அனுப்பும். புது மானிட்டர் பொட்டியிலிருந்து எடுக்கும்போதே சரியாக இருக்கும் என்பது நம்பிக்கை, அளந்தால்தான் தெரியும்.

டி65, காமா 2.2, பிரகாசம் 100 நிட் என்று வைத்து முடித்ததும் திரை மங்கலாக, பழுப்பாகத் தெரிந்தது. ஏமாந்துவிட்டோமோ என்று பயம். அரைமணி நேரம் கழித்துப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். சொட்டு நீலம் போட்டு அலசின மாதிரி இருந்தது அது.

அப்பாவின் பழைய கோப்பைத் திறந்தேன். அம்மா பார்த்த அதே முகம். மூடிவிட்டேன்.

மாமாதான் வழி சொன்னார். “உன் தம்பி அப்பா நிறம்தான மாப்ள. அவன காலைல வாசல் வெளிச்சத்துல நிறுத்தி எடுக்கச் சொல்லு. சாம்பல் அட்டை ஒண்ணு கைல குடு.” தம்பி மொட்டை மாடியில் அட்டையும் கையுமாக, குற்றவாளி மாதிரி நின்று படம் அனுப்பினான். அட்டையை வைத்து அந்தப் படத்தைச் சமன் செய்து, தம்பியின் கன்னத்தை அளவாக வைத்து, அப்பாவின் கன்னத்தைக் கொண்டுவந்தேன். பகலில், திரையில் வெயில் விழாமல் ஜன்னலைப் பாதி சாத்திக்கொண்டு. நாலு நாள் ஆச்சு.

ஒன்று மட்டும் உதைத்தது. முகம் சரியாக வந்ததும் சட்டை லேசாக மஞ்சளடித்தது. வெள்ளைச் சட்டை எப்படி மஞ்சளாகும்? சட்டையை மட்டும் தனியாகப் பிடித்து வெள்ளையாக்கிவிடலாம் என்று கை துறுதுறுத்தது. போன தடவை வெள்ளை வெள்ளை என்று போய்த்தானே மாட்டிக்கொண்டோம் என்று விட்டுவிட்டேன். சின்னதாக ஒரு பிரிண்ட் மட்டும் போட்டு அனுப்பினேன்.

அம்மா போன் பண்ணினார். வாசலில் வைத்துப் பார்த்தாராம்.

“சந்தனக் கலர் சட்டை. தீபாவளிக்கு நான் எடுத்துக் குடுத்தது. இத எப்படிய்யா கண்டுபிடிச்ச? உனக்கு அப்ப ஆறு வயசு.”

நான் கண்டுபிடிக்கவில்லை அம்மா என்று சொல்ல வந்தேன். குரல் வரவில்லை.

பெரிய பிரிண்ட் இப்போது விருதுநகர் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. பழையதை அம்மா என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

பி.கு: மானிட்டர் வாங்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக. முதலில் உங்கள் படம் எங்கே போகப்போகிறது என்று பாருங்கள். மொபைலுக்கும் சாதாரண லேபுக்கும் என்றால் முழு எஸ்ஆர்ஜிபி உள்ளடக்கமும் ஐபிஎஸ்ஸும் போதும். கடையின் பிரகாசத்தில் மயங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் 100 நிட் பக்கம் இறக்குங்கள். பட்ஜெட் 25 ஆயிரம் என்றால் முழுசையும் திரையில் போடாமல் அளக்கும் கருவிக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள், அல்லது என்னைப் போல இரவல் கேளுங்கள். பின்விளக்கு வயதாக ஆக நிறம் நகரும். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளக்கவேண்டும். பெரிய பிரிண்டுக்கு முன்னால் சின்னதாக ஒன்று போட்டு, வாசல் வெளிச்சத்தில், அந்த முகத்தைத் தெரிந்தவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.